சைப்ரஸில் தொழுகை நேரம் எப்படிப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: "லார்னாக்காவில் வேலை கிடைத்திருக்கிறது, நவம்பரில் கிளம்புகிறேன். கைபேசியில் மூன்று தொழுகை நேரச் செயலிகள் வைத்திருக்கிறேன். மூன்றும் மூன்று நேரம் சொல்கின்றன, அஸருக்கு முக்கால் மணி வித்தியாசம் வருகிறது. எதை நம்புவது? அங்கே பள்ளிவாசல் உண்டா? முஸ்லிமாக இருப்பது சிரமமா?"

நான் தலைநகர் நிகோசியாவில் சில வருடங்கள் வேலை பார்த்தவன். உங்கள் மூன்று செயலிகளும் பொய் சொல்லவில்லை. சூரியன் எங்கே இருக்கும் என்பதில் மூன்றுக்கும் சண்டையே கிடையாது. எந்தச் சூரியக் கோணத்தை சுபுஹ் (விடியல் தொழுகை) என்பது, எத்தனை நிழலை அஸர் (பிற்பகல் தொழுகை) என்பது, இதில்தான் சண்டை. அது வானவியல் கேள்வி அல்ல, நீங்கள் யாரோடு நின்று தொழப் போகிறீர்கள் என்ற கேள்வி. சைப்ரஸில் இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் சிக்கலானது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் அஸர், உங்களைக் குழப்பியது அதுதானே. ஒரு பொருளின் நிழல், உச்சிவேளை நிழல் போக, அதன் உயரத்துக்குச் சமமானால் அஸர் வந்துவிட்டது என்பது ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு) உட்படப் பெரும்பாலோரின் கணக்கு. இரண்டு மடங்கு ஆக வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூஹனீஃபாவின் பிரபலமான கருத்து. நான் கீழக்கரைக்காரன், ஷாஃபி. என்னோடு அறையில் இருந்தவர் மதுரைப் பக்கத்து ராவுத்தர், ஹனஃபி. நவம்பர் நடுவில் நிகோசியாவில் எனக்கு அஸர் 2:20, அவருக்கு 3:02. ஜூனில் போனால் எனக்கு 4:36, அவருக்கு 5:52. ஒரே அறை, ஒரே சன்னல், ஒன்றேகால் மணி நேர வித்தியாசம்.

"துருக்கியர்கள் ஹனஃபிகள், அதனால் சைப்ரஸ் பள்ளிவாசல்களில் என் நேரம்தான் இருக்கும்" என்று அவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் துருக்கியின் மார்க்க விவகாரத் துறையான தியானெத் அஸருக்கு ஒரு நிழல் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. ஹனஃபி மத்ஹபிலேயே இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் சொன்ன கருத்து அது. நம் ஊரிலும் பாகிஸ்தான், வங்கதேசத்திலும் இருக்கிற ஹனஃபி அஸர் வேறு, துருக்கிய ஹனஃபி அஸர் வேறு. எனவே செயலியில் 'ஹனஃபி' என்று தட்டிவிட்டால், லார்னாக்கா பள்ளியில் ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் உங்கள் கைபேசி பாங்கு சொல்லும்.

அடுத்து சுபுஹ், இஷா (இரவுத் தொழுகை). சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்கும்போது சுபுஹ், 17 டிகிரியில் இஷா என்பது தியானெத்தின் கணக்கு. முஸ்லிம் உலக லீக்கின் கணக்கும் அதேதான். எகிப்துக்காரர்கள் சுபுஹுக்கு 19.5 வைக்கிறார்கள். வட அமெரிக்காவில் 15 வைக்கும் முறை ஒன்று உண்டு. கராச்சிக் கணக்கில் இரண்டுக்கும் 18. ஜூன் 21 அன்று நிகோசியாவில் 19.5 வைத்தால் சுபுஹ் 3:34, 18 வைத்தால் 3:45, 15 வைத்தால் 4:06. தொழுகைக்கு இது பெரிய விஷயமில்லை, மூன்றில் பிந்திய நேரத்தை எடுத்துக்கொண்டால் எல்லாக் கணக்கிலும் செல்லும். நோன்புக்குத்தான் சிக்கல். ஸஹரில் (நோன்புக்கு முந்தைய விடிகாலை உணவில்) கடைசி மடக்குத் தண்ணீரை 3:34க்கு நிறுத்துவதா, 4:06க்கா?

துருக்கிய அட்டவணையில் இன்னொரு சங்கதி உண்டு. அவர்கள் 'தெம்கின்' என்று ஒரு பாதுகாப்பு நிமிடக் கணக்கு சேர்ப்பார்கள். மஃரிபை (அந்தித் தொழுகை) வெறும் கணக்கில் வரும் நேரத்தைவிடச் சில நிமிடங்கள் தள்ளிப் போடுவார்கள், சூரிய உதயத்தைச் சில நிமிடங்கள் முன்னுக்கு இழுப்பார்கள், லுஹருக்கும் (நண்பகல் தொழுகை) கொஞ்சம் கூட்டுவார்கள். மேடான இடத்தில் இருப்பவனுக்குச் சூரியன் தாமதமாக மறையும், பெரிய ஊரின் கிழக்கு ஓரத்துக்கும் மேற்கு ஓரத்துக்கும் வித்தியாசம் வரும் என்பதற்காக வைத்தது. அதனால்தான் ஒரு செயலியில் மஃரிப் ஐந்தாறு நிமிடம் பிந்தித் தெரியும். அது பிழை இல்லை, பேணுதல்.

ஒரு ஆறுதலும் உண்டு. லண்டன், ஓஸ்லோ பக்கம் கோடையில் இருட்டே முழுசாக வராமல் இஷாவைக் கண்டுபிடிக்கவே பஞ்சாயத்து நடக்கும். 18 டிகிரிக் கணக்கில் அந்தத் தொல்லை சுமார் 48.5 டிகிரி வடக்கு அட்சரேகைக்கு மேலேதான். சைப்ரஸ் இருப்பது 35 டிகிரியில், வருடம் முழுக்க ஐந்து வேளையும் தெளிவாக வந்து போகும்.

ஆனால் நம் ஊர்க்காரனுக்குப் பழகாத ஒன்று, பருவத்துக்குப் பருவம் நேரம் ஓடுகிற ஓட்டம். சென்னையில் மஃரிப் வருடம் முழுக்க ஒரு மணி நேர வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். நிகோசியாவில் டிசம்பர் 21 அன்று சூரியன் மறைவது 4:38க்கு, ஜூன் 21 அன்று 8:04க்கு. இதில் ஒரு மணி நேரம் கோடைக்காலக் கடிகாரத்தின் வேலை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். சனிக்கிழமை 6 மணிக்கு மஃரிப் தொழுதவன் ஞாயிற்றுக்கிழமை 5 மணிக்குத் தொழ வேண்டும். பள்ளிச் சுவரில் ஒட்டிய தாளில் பழைய நேரம் இருக்கும், கைபேசியில் புது நேரம். அந்த ஒரு வாரம் எல்லோருக்கும் தலை சுற்றும்.

நீங்கள் நவம்பரில் போகிறீர்கள், எனவே அந்த மாத நேரத்தையே சொல்கிறேன். நடு நவம்பரில் நிகோசியாவில் சுபுஹ் 4:54, சூரிய உதயம் 6:21, உச்சி 11:31, அஸர் 2:20, மஃரிப் 4:41, இஷா 6:04. இவை தெம்கின் சேர்க்காத வெறும் கணக்கு, ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கலாம். லார்னாக்காவில் ஒரு நிமிடம் முந்தி வரும். உச்சி 11:31 என்பதைப் பார்த்ததும் ஆச்சரியமாக இருக்கும், பகல் 12 மணிக்கு முன்பே லுஹர் வந்துவிடுகிறதே என்று. சைப்ரஸின் கடிகாரம் 30 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, தீவோ 33 டிகிரியில் இருக்கிறது. அதோடு நவம்பரில் சூரியன் கடிகாரத்தைவிடக் கால் மணி நேரம் முந்தி ஓடும். இரண்டும் சேர்ந்துகொள்கிறது. இப்போது அலுவலக நேரத்தை இதன் மேல் வைத்துப் பாருங்கள். காலை 8 முதல் மாலை 5 வரை வேலை என்றால் லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வேலை நேரத்துக்குள் விழுகின்றன. ஜூனில் இரண்டுதான் விழும். முதல் குளிர்காலம்தான் கஷ்டமாகத் தெரியும் என்று சொல்வது இதனால்தான், குளிரால் இல்லை.

தீவு சின்னதுதான், ஆனாலும் நிமிடக் கணக்கு மாறும். பாஃபோஸ் மேற்கில் இருப்பதால் நிகோசியாவைவிட நான்கு நிமிடம் பிந்தும். நிகோசியா அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பாஃபோஸில் நோன்பு திறந்தால் சூரியன் இன்னும் கடலுக்கு மேலேயே நிற்கும். ஃபமகுஸ்தா கிழக்கே இருப்பதால் இரண்டு நிமிடம் முந்தும்.

சரி, சைப்ரஸில் இது ஏன் கூடுதல் சிக்கல் என்றேன் அல்லவா. 1974 ஜூலையில் கிரேக்க ராணுவ ஆட்சி தூண்டிவிட்ட ஆட்சிக் கவிழ்ப்பு, அதைத் தொடர்ந்து துருக்கியப் படையெடுப்பு, அதிலிருந்து தீவு இரண்டாகக் கிடக்கிறது. தெற்கில் சைப்ரஸ் குடியரசு, ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடு. வடக்கில் 1983இல் தனி நாடு என்று அறிவித்துக்கொண்ட துருக்கிய சைப்ரஸ், அதைத் துருக்கி மட்டுமே அங்கீகரிக்கிறது. நடுவில் சுமார் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐ.நா. கண்காணிக்கும் இடைவெளி. நிகோசியா நகரமே பாதிப் பாதி. 2016இல் துருக்கி இனிக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, வருடம் முழுக்கக் கோடை நேரமே என்று முடிவெடுத்தது. வடக்கும் கூடவே போனது. தெற்கு வழக்கம்போல் அக்டோபர் கடைசியில் ஒரு மணி நேரம் பின்னுக்கு வந்தது.

விளைவு, அந்தக் குளிர்காலத்தில் நிகோசியாவின் லெட்ரா தெருச் சோதனைச் சாவடியைத் தெற்கிலிருந்து நடந்து தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே குதித்தது. அந்த டிசம்பரில் தெற்கே இருந்தவனுக்கு சுபுஹ் 5:20, வடக்கே இருந்தவனுக்கு 6:20. இருவருக்கும் ஒரே விடியல், நடுவில் நூறு கெஜம்கூட இல்லை. வடக்கில் சூரியன் உதிக்கக் கிட்டத்தட்ட 8 மணி ஆனது, பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போனார்கள். விடியுமுன் போன ஒரு பள்ளி வாகனம் விபத்துக்குள்ளாகி மாணவர்கள் இறந்தபோது ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். 2017 அக்டோபரில் வடக்கு மறுபடி பழைய கடிகாரத்துக்கே திரும்பிவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே நேரம்தான். ஆனால் செயலியில் நேர மண்டலத்தைத் தவறுதலாக 'இஸ்தான்புல்' என்று வைத்துவிட்டால் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தப்பாகக் காட்டும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிப்லாவை, அதாவது தொழும்போது முகம் திரும்ப வேண்டிய திசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நமக்குக் கிப்லா என்றால் மேற்கு, உடம்பில் ஊறிப்போனது. நான் சைப்ரஸ் போய் இறங்கிய முதல் நாள் மாலை, பழக்கதோஷத்தில் சூரியன் மறைந்த பக்கம் பார்த்துத் தக்பீர் கட்டிவிட்டேன். மறுநாள்தான் உறைத்தது. அங்கிருந்து மக்கா தெற்கே இருக்கிறது, சரியாகச் சொன்னால் தெற்கிலிருந்து சுமார் 24 டிகிரி கிழக்குப் பக்கம் திரும்ப வேண்டும். மஃரிபில் சூரியன் மறையும் பக்கம் உங்கள் வலது கைப் புறமாக இருக்கும்.

இந்தத் திசை விவகாரத்தை நிகோசியாவின் வடக்குப் பக்கத்தில் உள்ள செலிமியே பள்ளிவாசலில் கண்ணாலேயே பார்க்கலாம். அது பிறப்பில் ஒரு கோதிக் தேவாலயம், புனித சோஃபியா. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பாணியில் கட்டத் தொடங்கியது, அப்போது தீவை ஆண்ட லூசிஞ்ஞான் மன்னர்களுக்கு முடிசூட்டிய இடம். 1570இல் உதுமானியர்கள் வெனிஸ்காரர்களிடமிருந்து நகரைப் பிடித்ததும் பள்ளிவாசல் ஆனது. தேவாலயம் கிழக்கு நோக்கிக் கட்டியது, கிப்லாவோ தெற்கே. அதனால் கட்டடம் ஒரு பக்கம் பார்க்க, சஃபுகள் (தொழுகை வரிசைகள்) இன்னொரு பக்கம் சாய்வாக ஓடுகின்றன. ஃபமகுஸ்தாவில் லாலா முஸ்தஃபா பாஷா பள்ளியும் அப்படித்தான், முன்னாள் புனித நிக்கோலஸ் தேவாலயம். அதன் முற்றத்தில் நிற்கும் அத்தி இன மரம் தேவாலயம் கட்டத் தொடங்கிய காலத்தது என்கிறார்கள். உள்ளே நின்று தொழுதால் மனசில் இரண்டு எண்ணமும் வரும். பிரமிப்பு ஒன்று, இன்னொருவர் வழிபாட்டுத்தலம் இது என்ற உறுத்தல் ஒன்று. எனக்கு அந்த உறுத்தல் கடைசிவரை போகவில்லை.

இனி நீங்கள் இருக்கப் போகிற லார்னாக்கா. கடற்கரை நடைபாதையின் தெற்கு முனையில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது, அதன் எதிரே ஜாமி கபீர், அதாவது பெரிய பள்ளி. உங்கள் ஜும்ஆ பெரும்பாலும் இங்கேதான். வெள்ளிக்கிழமை சிரியர், எகிப்தியர், வங்கதேசத்தவர், பாகிஸ்தானியர், ஆப்பிரிக்கர் என்று எல்லாரும் வந்து நிற்பார்கள். உள்ளூர் துருக்கிய முகம் அபூர்வம், ஏனென்றால் 1974க்குப் பிறகு தெற்கிலிருந்த துருக்கிய சைப்ரஸ்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் வடக்கே போய்விட்டார்கள். வடக்கிலிருந்த கிரேக்கர்கள் தெற்கே வந்துவிட்டார்கள். தெற்கில் இன்று முஸ்லிம் வாழ்க்கை என்றால் வந்தேறிகளின் வாழ்க்கைதான். 2011 கணக்கெடுப்பில் அங்கே முஸ்லிம்கள் 1.8 சதவீதம். நிகோசியாவின் தெற்குப் பாதியில் ஓமேரியே பள்ளி, லிமசோலில் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஜாமி கபீர். மற்றபடி ஊருக்கு ஊர் பள்ளி இருந்தாலும் பல பூட்டியே கிடக்கும், தொழுகிற சமூகம் போய்விட்டது.

சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1960ஆம் வருட அரசியல் சட்டம் தீவின் மக்களை இரண்டே சமூகமாகப் பிரிக்கிறது, கிரேக்கர், துருக்கியர். துருக்கியச் சமூகத்துக்குச் சொல்லும் இலக்கணத்தில் துருக்கிய மொழி, பண்பாடு இவற்றோடு "அல்லது முஸ்லிம்கள்" என்றும் இருக்கிறது. மதமும் இனமும் ஒரே கயிற்றில் கட்டிய கணக்கு. இன்றைக்கு ஓமேரியேவில் நிற்கும் சிரியரையும் வங்காளியையும் அந்தச் சட்டம் எழுதியவர்கள் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள்.

லார்னாக்காவின் பெரிய பாக்கியம் வேறு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உப்பு ஏரி, அதன் மறுகரையில் பேரீச்சை மரங்களுக்கு நடுவே ஒரு குவிமாடமும் ஒரு மினாராவும். ஹலா சுல்தான் தெக்கே. அங்கே அடங்கியிருப்பவர் உம்மு ஹராம் (ரலி). அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு சுலைமுடைய சகோதரி, உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களின் மனைவி. புகாரியில் வரும் ஹதீஸ் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நபி (ஸல்) அவர்கள் உம்மு ஹராம் வீட்டில் உறங்கி, சிரித்தபடி எழுந்தார்கள். தம் சமுதாயத்தில் ஒரு கூட்டம் அரியணையில் அமர்ந்த அரசர்களைப் போலக் கடல் மேல் போவதைக் கண்டதாகச் சொன்னார்கள். "அவர்களில் நானும் இருக்க துஆ செய்யுங்கள்" என்று அந்த அம்மா கேட்டார். பல வருடம் கழித்து, ஹிஜ்ரி 28 வாக்கில், முஆவியா (ரலி) நடத்திய கடற்படையெடுப்பில் போனார். கரை இறங்கியபின் வாகனத்திலிருந்து விழுந்து இறந்தார். துருக்கியில் 'ஹலா' என்றால் அத்தை. நபியின் உறவுமுறை என்று மதித்து வைத்த பெயர்.

கப்ருக்கு மேலே பிரமாண்டமான கற்கள், இரண்டு நிமிர்ந்து நிற்க ஒன்று குறுக்கே. குறுக்குக் கல் அந்தரத்தில் நின்றது என்று கதை சொல்வார்கள். இப்போதுள்ள பள்ளி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதே வளாகத்தில் இன்னொரு கப்ரும் உண்டு, மக்காவின் ஷரீஃப் ஹுசைனுடைய துருக்கிய மனைவி ஆதிலா, 1929இல் இறந்தவர். ஹிஜாஸை இழந்த ஷரீஃப் ஹுசைனை ஆங்கிலேயர் சைப்ரஸில்தான் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். நினைவில் வையுங்கள், இந்த இடம் தொல்பொருள் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, மாலையானால் கதவை மூடிவிடுவார்கள். பகலில் போய் இரண்டு ரக்அத் தொழலாம், ஸியாரத் செய்யலாம். ஐந்து வேளை ஜமாஅத்துக்கு இதை நம்பி இருக்க முடியாது.

வடக்குப் பக்கம் முற்றிலும் வேறு உலகம். அங்கே முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை, ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் முஸ்லிம் ஊர் அல்ல. துருக்கிய சைப்ரஸ்காரர்கள் உலகத்திலேயே மிக மதச்சார்பற்ற முஸ்லிம் சமூகங்களில் ஒன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோதே அத்தாதுர்க்கின் சீர்திருத்தங்களை, யாரும் கட்டாயப்படுத்தாமல், தாங்களாகவே எடுத்துக்கொண்டவர்கள். பெருநாள் தொழுகைக்கும் ஜனாஸாவுக்கும் பள்ளிக்கு வருவார்கள், மவ்லித் ஓதுவார்கள், மற்ற நாட்களில் பாங்கு காற்றில் போகும். வார விடுமுறை சனி, ஞாயிறு. பள்ளிவாசல் கட்டுவது, இமாம்களை அனுப்புவது எல்லாம் பெரும்பாலும் துருக்கியின் கை. 2018இல் நிகோசியாவுக்கு வெளியே ஹலா சுல்தான் பெயரிலேயே பெரிய பள்ளி ஒன்றைத் துருக்கிய அதிபர் எர்தோகான் திறந்து வைத்தார். 2025இல் பள்ளிக்கூடத்தில் மாணவிகள் தலைத்துணி அணியலாம் என்று விதி மாற்றியபோது ஆசிரியர் சங்கங்கள் அழைக்க, ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். அவர்கள் எதிர்த்தது துணியை மட்டுமல்ல, அங்காராவிலிருந்து வருகிற அழுத்தத்தை. நம் ஊர் அளவுகோலைக் கொண்டு அவர்களை அளக்காதீர்கள். "இவர்கள் என்ன முஸ்லிம்கள்" என்று என் அறைத்தோழர் முதல் மாதம் பேசினார். தெரு முனையில் காப்பிக்கடை வைத்திருந்த கிழவர் ஒருவர், தொழாதவர், ரமலானில் தினமும் இவருக்கு நோன்பு திறக்கச் சூப்பு அனுப்பிய பிறகு பேச்சை நிறுத்தினார்.

இதே தீவில்தான் லெஃப்கே ஊரில் ஷெய்கு நாஜிம் ஹக்கானியும் இருந்தார். 1922இல் லார்னாக்காவில் பிறந்து 2014இல் மறைந்தவர், நக்ஷபந்தி தரீக்காவின் (சூஃபி வழியின்) ஷெய்கு. உலகம் முழுக்க முரீதுகள் (சீடர்கள்), இலங்கையிலும் உண்டு. பழைய காலத்தில் இன்னும் விநோதமாக, 'லினோபம்பாகி' என்று ஒரு கூட்டம் இருந்தது. கிரேக்க மொழியில் லினன், பருத்தி என்று பொருள், இரண்டு நூலும் கலந்து நெய்த துணி போல. வெளியே முஸ்லிம், வீட்டுக்குள் கிறிஸ்தவர், ஆளுக்கு இரண்டு பெயர், ஞானஸ்நானமும் உண்டு, சுன்னத்தும் உண்டு. உதுமானிய வரிக்குத் தப்ப வந்த ஏற்பாடு என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் ஒவ்வொருவரையும் ஒரு கட்டத்துக்குள் எழுத ஆரம்பித்ததும் அந்தத் துணி பிரிந்துபோனது.

வடக்கே போய்வரலாமா என்று கேட்பீர்கள். தெற்கில் முறையான அனுமதியோடு இருப்பவர் சோதனைச் சாவடி வழியாகப் போவது நடக்கிற காரியம்தான், ஆனால் உங்கள் விசா அதற்கு இடம் கொடுக்கிறதா என்று வேலை தருபவரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். எர்ஜான் விமான நிலையம் வழியாக வடக்கே நேராக இறங்குவதைத் தெற்கின் அரசு சட்டவிரோத நுழைவு என்கிறது. வடக்கில் கல்லூரியில் படிக்க வரும் நம் பிள்ளைகள் பலர் அப்படித்தான் வந்து, இத்தனை கிட்டத்தில் இருந்தும் ஹலா சுல்தானைப் பார்க்க முடியாமல் திரும்புகிறார்கள்.

ரமலான் இப்போது சுகமான பருவத்துக்கு வந்துவிட்டது. 2016இல் ஜூனில் வந்தபோது நோன்பு 16 மணி நேரத்தைத் தாண்டியது, அதுவும் நிகோசியாவின் 40 டிகிரி வெயிலில். 2030 கடைசியில் டிசம்பருக்கு வரும்போது 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். பிறையைப் பொறுத்தவரை வடக்கில் துருக்கியின் கணக்குதான், பெருநாள் தேதி வருடங்களுக்கு முன்பே அச்சடித்திருக்கும். தெற்கில் அரபுத் தோழர்கள் சவூதி அறிவிப்பைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும், எப்போதும் அல்ல. 2016இல் துருக்கியில் பெருநாள் ஜூலை 5, சவூதியில் ஜூலை 6. தெற்கில் பெருநாளுக்குப் பொது விடுமுறை கிடையாது, முன்கூட்டியே ஒரு நாள் விடுப்பு எழுதி வையுங்கள். எந்த நாள் என்பதில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்படி எழுதுங்கள்.

சாப்பாட்டில் கவனம் தேவை. கிரேக்க சைப்ரஸ் சமையலில் பன்றி இல்லாத இடம் குறைவு. ஷெஃப்தாலியா பன்றிக் கொத்துக்கறி, சூவ்லாக்கி கேட்டால் சொல்லாமலே பன்றிதான் வரும், ஹலூமி பாலாடைக்கட்டி வைத்த ரொட்டிக்குள் 'லூன்ட்சா' என்று புகைபோட்ட பன்றித் துண்டு ஒளிந்திருக்கும். ஹலூமியிலும் உறைய வைக்கப் போடும் பொருள் தாவர வகையா, விலங்கு வகையா என்று உறையில் பார்த்து வாங்குங்கள். ஒரு உபாயம் சொல்கிறேன், பள்ளியில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் ஏழு வாரம் நோன்பு இருப்பார்கள், இறைச்சி, பால், முட்டை கிடையாது. அந்தக் காலத்தில் ரொட்டிக்கடையிலும் உணவகத்திலும் 'நிஸ்தீசிமா' என்று எழுதியிருக்கும். நோன்புக்கு ஏற்றது என்று பொருள். அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டால் கொழுப்புக்கும் இறைச்சிக்கும் பயப்பட வேண்டாம். மதுச் சேர்மானம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025இல் ரமலான் மார்ச் 1, அவர்கள் நோன்பு மார்ச் 3. 2026இலும் சில நாள் இடைவெளியில் இரண்டும் சேர்ந்தே வந்தன.

சிரமமா என்று கேட்டீர்கள். அன்றாட வாழ்க்கையில் இல்லை. ஆனால் 2023 ஆகஸ்ட் கடைசியில் பாஃபோஸ் பக்கம் க்லோராக்காஸ் என்ற ஊரில் சிரிய அகதிகளைத் தாக்கினார்கள், அடுத்த சில நாளில் லிமசோலில் வெளிநாட்டவர் கடைகளை உடைத்தார்கள். மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அதே ஊர்களில்தான் பக்கத்து வீட்டுக் கிழவி உங்கள் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டு எலுமிச்சம்பழம் பறித்துத் தருவாள். வேலையிடத்தில் தொழுகைக்கு இடம் கேட்கும்போது 'ஐந்து வேளை' என்று ஆரம்பிக்காதீர்கள், மேலாளர் மிரண்டுபோவார். 'மதிய இடைவேளையில் பத்து நிமிடம், 2:30க்கு ஐந்து நிமிடம்' என்று கடிகாரக் கணக்கில் கேளுங்கள். ஜும்ஆவுக்கு வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையை மாற்றித் தரச் சொல்லுங்கள், குத்பா எத்தனை மணிக்கு என்று முதல் வாரமே பள்ளியில் கேட்டுவிட்டு.

செயலியில் இப்படி வையுங்கள்: ஊர் லார்னாக்கா, முறை துருக்கி தியானெத் அல்லது முஸ்லிம் உலக லீக், அஸர் ஒரு நிழல், நேர மண்டலம் நிகோசியா. நீங்கள் நம் ஊர் ஹனஃபியாக இருந்தால் தனியாகத் தொழும்போது உங்கள் அஸரையே வைத்துக்கொள்ளுங்கள், ஜமாஅத்துக்கு அவர்கள் நேரத்துக்குப் போங்கள். என் அறைத்தோழர் கடைசியில் அப்படித்தான் செய்தார், செயலியில் இரண்டு அஸரையும் போட்டு வைத்துக்கொண்டார். நவம்பரில் மழை விழுந்தால் உப்பு ஏரியில் தண்ணீர் ஏறும், பூநாரைகள் வர ஆரம்பிக்கும். முதல் ஞாயிறு விடுமுறையில் லுஹருக்கு ஹலா சுல்தான் போய்விடுங்கள், 11:30க்கே நேரம் வந்துவிடும்.